மூன்று பை சீமெந்தும் ஒரு பழைய குளியலறையும்

வலிகாமம் வடக்கில் 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, 2015 ஆம் ஆண்டுக்குப் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது ஊர் திரும்பின. அவ்வாறு திரும்பிய ஒரு குடும்பத்தின் வளவுக்கு நாம் சென்றிருந்தோம். பழைய வீட்டில் எஞ்சியிருந்தது அத்திவாரமும் இரண்டு சுவர்களும் மாத்திரமே. கிணறு இருந்தது. கிணற்றிலிருந்து சற்று விலகி, குளியலறையும் மலசலகூடமும் ஒட்டிக் கட்டப்பட்ட ஒரு சிறு கட்டடமும் நின்றது. அதன் வாசற்படியில், சீமெந்து காயுமுன் ஆணியால் எழுதப்பட்ட "1984" என்ற இலக்கம் இன்னும் அழியாமல் இருந்தது. எழுதியவர் அவ்வீட்டின் தகப்பனார். அவர் ஊர் திரும்பக் கொடுத்து வைக்கவில்லை.

கிடைத்த உதவியுடன் குடும்பம் ஒரு சிறு வீட்டைக் கட்டி முடித்துவிட்டது. கையில் மிஞ்சியது சொற்பம். பழைய குளியலறையை இடித்துவிட்டுப் புதிதாக ரைல்ஸ் பதித்துக் கட்டுவோம் என்றார் மருமகன். கணக்குப் பார்த்தபோது அதற்குக் கடன்பட வேண்டும் என்று தெரிந்தது. நாமும், சுவருக்கு நல்ல வர்ணம் பூசினால் பார்வைக்காவது புதிதாக இருக்குமே என்று எமது யோசனையைச் சொன்னோம். அதுவரை பேசாமல் இருந்த வீட்டுத் தாயார் அப்போதுதான் வாய் திறந்தார்.

"சுவாமி, வடிவைப் பிறகு பாப்பம். முதல் உள்ளுக்கு ஒரு கொண்டி போடுங்கோ. அடுத்தது தண்ணி நிக்காமப் பண்ணுங்கோ. போன மாரியில சறுக்கி விழுந்து ரெண்டு கிழமை எழும்பேலாமக் கிடந்தனான்."

எமது யோசனை தவறு என்பதை அந்த ஒரு பேச்சு காட்டிவிட்டது. அன்று அந்தத் தாயார் சொன்ன ஒழுங்கிலேயே வேலை நடந்தது. மூன்று பை சீமெந்துடன் அது முடிந்தது. கடன் படவில்லை. அந்த வேலையில் கற்றுக்கொண்டதை, பழைய குளியலறையுடன் அவதிப்படும் ஏனைய குடும்பங்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறோம்.

குளியலறை ஏன் முக்கியம்?

முகாம் வாழ்க்கையை அனுபவித்த எமது மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாம்களில் ஒரு வாளி தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் நின்ற நாட்களை எவரும் மறக்கவில்லை. இருட்டும் வரை காத்திருந்து குளித்த பெண்களும், கழிப்பிடம் போவதைத் தவிர்க்கவென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்ட தாய்மாரும் எத்தனையோ பேர்.

ஊர் திரும்பிய பின்னரும் சில வீடுகளில் இந்நிலை மாறவில்லை. முன்னர் கிணற்றடியைச் சுற்றிக் கிடுகு வேலி இருந்தது. வேலிக்கப்பால் உறவினர் இருந்தனர். இன்று வேலியும் இல்லை, அயலில் இருப்பவரும் புதியவர். ஆகவே நான்கு சுவரும் ஒரு கதவும் உள்ள குளியலறை ஆடம்பரப் பொருளன்று. அதனைச் சீர்செய்வதற்குச் செலவிடும் பணமும் வீண் செலவன்று.

முதலில் ஒரு வாளித் தண்ணீர்

பழைய குளியலறை அசிங்கமாகத் தோன்றுவதற்குக் காரணம் வயதன்று, ஈரம். சுவரில் கறுப்புப் பூஞ்சணம், நிலத்தில் பச்சைப் பாசி, மூலையில் நாற்றம், கதவின் அடியில் உக்கல் எல்லாமே தண்ணீர் போகாமல் தங்குவதால் வருபவை. தண்ணீரை வெளியேற்றாமல் அதன்மேல் வர்ணம் பூசினால், அடுத்த மாரிக்குள் அது பொக்களித்து உரிந்துவிடும். பணமும் அதனோடு போய்விடும்.

ஆகவே ஒரு சதமும் செலவிடுமுன் பின்வரும் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

ஒரு வாளித் தண்ணீரை நிலத்தில் ஊற்றி, அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தைக் கரித்துண்டால் வட்டமிடுங்கள்.

ஒரு சிறு சுத்தியலால், அல்லது கல்லால், சுவரையும் நிலத்தையும் சாணுக்குச் சாண் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பூச்சு உறுதி. பொள்ளலாகக் கேட்டால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றுவிட்டது. அந்த இடத்தை மாத்திரம் கொத்தி எடுத்தால் போதும்.

பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நில்லுங்கள். கூரையில் ஊசிமுனை போல வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் மழை ஒழுகும் இடம். சுவரில் எங்கும் வெளிச்சம் வராவிட்டால் காற்றும் வராது என்பது பொருள்.

இச்சோதனைகள் முடிந்ததும், எதை உடைக்க வேண்டும், எதை விடலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நாம் சென்ற வீட்டில் நிலம் முழுவதும் சரிவு தவறியிருந்தது. சுவரிலோ கால்வாசிப் பூச்சு மாத்திரமே கெட்டிருந்தது. முழுவதையும் இடித்திருந்தால் முக்கால்வாசிச் சுவர் வீணாகியிருக்கும்.

வெளியே தோண்டுமுன்

நீண்ட காலம் ஆள் புழங்காத வளவுகளில் சில விடயங்களில் கவனம் தேவை. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் மண்வெட்டி போடலாகாது. சந்தேகமான பொருள் எதையேனும் கண்டால் தொடாமல், அவ்விடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

பழைய மலசலகூடக் குழியின் மூடுபலகையும் ஆபத்தானது. மேலே சீமெந்து நன்றாகத் தெரிந்தாலும், உள்ளே கம்பி துருப்பிடித்து உக்கியிருக்கக்கூடும். அதன்மேல் ஏறி நிற்க வேண்டாம். பிள்ளைகளை விளையாட விடவும் வேண்டாம். குழிக்குள் எக்காரணம் கொண்டும் இறங்கலாகாது. அங்கு தங்கியிருக்கும் நச்சு வாயு ஒருவரை நொடியில் மயக்கிவிடும். காப்பாற்ற இறங்குபவரும் மீளமாட்டார்.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் கூடுதலாக இருப்பது நல்லது. நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாகக் கழிவுநீர் விரைவாக ஓடிக் கிணற்றைச் சேரும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்து காணப்படுவதற்கு, தோட்டங்களுக்கு இடும் உரத்துடன் மலசலகூடக் குழிகளும் காரணமாகின்றன. அடி போதாவிட்டால் அக்குழியைப் பாவிப்பதை நிறுத்துவதே முதல் வேலை. அதன் பின்னரே குளியலறையின் அழகைப் பற்றி எண்ணலாம். இதற்கு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

நிலமே பாதி வேலை

நாம் சொல்லும் குளியலறை 5 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்டது. அதன் நிலத்துக்கு ஒரு பை சீமெந்து போதுமாக இருந்தது.

பழைய நிலத்தின்மேல் நேரே கலவையைப் போட்டால் ஒட்டாது. முதலில் தும்புத்தடியால் பாசி முழுவதையும் உரஞ்சிக் கழுவ வேண்டும். பின்னர் உளியால் நிலம் முழுவதையும் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். தூசியைக் கழுவி, முதல்நாள் இரவே நிலத்தை நன்றாக நனைத்து விட வேண்டும். மறுநாள், தண்ணீர் தேங்காமல் ஈரம் மாத்திரம் இருக்கையில், சீமெந்தைத் தண்ணீரில் கரைத்துப் பால் போலாக்கி நிலத்தில் தடவி, அது காயுமுன் கலவையைப் போட வேண்டும்.

கலவைக்கு ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல். இரண்டையும் ஒரே வாளியால் அளவுங்கள். கண் மதிப்பு வேண்டாம். கடல் மணல் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு சுவரிலும் நிலத்திலும் வெண்மையாகப் பூத்து, பூச்சைக் கெடுத்துவிடும். கலப்பதற்கு எளிதாக இருக்கிறதென்று தண்ணீரை அதிகம் ஊற்றினால் சீமெந்து பலமிழந்து பின்னர் வெடிக்கும்.

சரிவு நான்கடிக்கு ஓர் அங்குலம் இருக்கட்டும். இதைவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்கும். வாசலில் உயரமாகவும், தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் தாழ்வாகவும் நூல் பிடித்துக்கொள்ளுங்கள்.

எமது பழைய வீடுகளில் சிவப்புச் சீமெந்து நிலம் கண்ணாடி போல மினுங்கும். விறாந்தைக்கு அது அழகு, குளியலறைக்கு ஆபத்து. சவர்க்காரத் தண்ணீர் பட்டால் அதில் கால் நிற்காது. ஆகவே கலவை சற்று இறுகியதும் ஈர்க்குமாறால் ஒரு தடவை இழுத்து, மெல்லிய கோடுகள் விழச் செய்யுங்கள். கோடுகள் சரிவின் பக்கமாக ஓடினால் தண்ணீரும் இலகுவாக ஓடும். சிவப்பு நிறம் விரும்புவோர் மேற்பூச்சில் சிவப்புப் பொடியைக் கலக்கலாம். ஆனால் பத்துக் கிலோ சீமெந்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் சீமெந்தின் பலம் குறையும்.

வேலை முடிந்த மறுநாளிலிருந்து ஏழு நாட்கள் நிலம் காயவே கூடாது. பழைய சாக்குகளை விரித்து, காலையும் மாலையும் நனையுங்கள். சீமெந்துக்குப் பலம் வருவது இந்த ஏழு நாட்களில்தான். குளிப்பதற்கு அவசரப்பட்டு இதனை விட்டுவிடுபவர்களின் நிலமே அடுத்த வருடம் பொரிந்து போகிறது.

சுவர்: கீழே சீமெந்து, மேலே சுண்ணாம்பு

தண்ணீர் தெறிப்பது பெரும்பாலும் நான்கடி உயரம் வரையில்தான். அந்த உயரத்துக்கு, கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்த இடங்களில் ஒன்றுக்கு நான்கு கலவையால் புதிதாகப் பூசி, அதன்மேல் சீமெந்துப் பசையைத் தேய்த்து மழுப்பிவிட வேண்டும். ரைல்ஸ் ஆசை உள்ளவர்கள், கடைகளில் மிஞ்சிப்போன ஒன்றிரண்டு பெட்டிகளை விலை குறைத்துக் கேட்டுப் பாருங்கள். குளிக்கும் பக்கத்துச் சுவருக்கு மாத்திரம் பதித்தால் போதும். முன்னரே ரைல்ஸ் உள்ள குளியலறையாயின் அதை உடைக்கத் தேவையில்லை. இடையிலுள்ள கறுத்த சாந்தை ஆணியால் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளைச் சீமெந்தைக் குழைத்து நிரப்பி, காயுமுன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு கிலோ வெள்ளைச் சீமெந்து ஒரு பழைய சுவரைப் புதிதாகக் காட்டும்.

நான்கடிக்கு மேலே, எமது மூத்தோர் பாவித்த சுண்ணாம்பைவிடச் சிறந்ததும் மலிவானதும் இல்லை. சுண்ணாம்பில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. சுவரிலுள்ள ஈரமும் அதனூடாக வெளியேறும். இரண்டு அறைகளின் மேற்சுவருக்கும் 5 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு மூன்று முறை பூசப் போதும். முதல்நாள் இரவு ஊறவைத்து, மறுநாள் துணியால் வடித்து, மோர்ப் பதத்தில் மெல்லிதாகப் பூசுங்கள். தடிப்பாக ஒரு முறை பூசினால் உதிரும். மெல்லிதாக மூன்று முறை பூசினால் நிலைக்கும். ஒவ்வொரு முறையும் பூசுமுன் சுவரைச் சற்று நனையுங்கள். உடுப்புக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை கலந்தால் வெண்மை எடுப்பாக இருக்கும்.

சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் செய்யுங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரால் நீண்ட நேரம் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கறை நீக்குதல்

கடினத் தண்ணீர் உள்ள இடங்களில் மலசலகூடக் கோப்பையிலும் குழாயிலும் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் படிவது சுண்ணக் கறை. அது புளிப்புக்குக் கரையும். வினாகிரியில் நனைத்த துணியை இரவு முழுவதும் கறைமேல் போட்டு வைத்து, காலையில் தும்பால் தேயுங்கள். இரண்டு மூன்று தடவைகளில் போய்விடும். பழப்புளியும் தேசிக்காயும் கூட உதவும்.

ஓர் எச்சரிக்கை. வினாகிரியையோ கடையில் விற்கும் அசிட்டையோ பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் என்னும் நச்சு வாயு கிளம்பும். கதவடைத்த சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

கூரை, காற்று, வெளிச்சம்

தகரக் கூரையில் ஆணித் துவாரங்களை அடைத்துக்கொள்ளலாம். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் போடப்பட்டிருந்தால் அதை உடைக்கவோ, அறுக்கவோ, உலர்ந்த நிலையில் உரஞ்சவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கழற்ற நேர்ந்தால் நன்றாக நனைத்து, முழுதாகவே இறக்குங்கள்.

கூரைக்குச் சற்றுக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொரு கல்லை எடுத்துவிட்டு, துவாரக் கல் வைத்து, நுளம்பு வலை அடித்துவிட்டால் காற்று ஊடறுத்துப் போகும். ஈரம் விரைவாகக் காயும். ஓட்டுக் கூரையாயின் ஒரே ஒரு கண்ணாடி ஓடு போதும். பகலில் வெளிச்சம் இருந்தால் பாசியும் தெரியும், பாம்பும் தெரியும்.

போகும் தண்ணீரை வீணாக்காதீர்

குளியலறைத் தண்ணீரை மலசலகூடக் குழிக்குள் விடலாகாது; குழி விரைவில் நிரம்பிவிடும். அதை இரண்டங்குலக் குழாயால் கிணற்றுக்கு மறுபக்கமாகக் கொண்டுசென்று, இரண்டடி நீள அகல ஆழமுள்ள குழி தோண்டி, கல்லும் சல்லியும் நிரப்பி அதற்குள் விடுங்கள். சுற்றிவர வாழை நடுங்கள். தண்ணீர் மேலே தேங்காததால் நுளம்பும் பெருகாது. துவாரத்தில் வலைத் துண்டொன்று வைத்தால் தலைமயிர் போய் அடைக்காது.

குளியலறைத் தொட்டியையும் மூடி வையுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த தண்ணீரில்தான். கிழமைக்கு ஒரு முறை தொட்டியை வெறுமையாக்கி உட்சுவரை உரஞ்சிக் கழுவ வேண்டும்.

கணக்கு

2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது சீமெந்து விலை எவ்வாறு ஏறியது என்பதைக் கண்டோம். ஆகவே ரூபாக் கணக்கைத் தராமல் பொருட் கணக்கைத் தருகிறோம். கடையில் விலை கேட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்.

சீமெந்து 3 பை: நிலத்துக்கு 1, சுவர்ப் பூச்சுக்கு 1, மலசலகூட நிலத்தின் திருத்தத்துக்கும் வெளிக்கானுக்கும் 1.
நீற்றுச் சுண்ணாம்பு 5 கிலோ.
வெள்ளைச் சீமெந்து 1 கிலோ.
இரண்டங்குல பி.வி.சி. குழாய் 1.
துவாரக் கல் 4, நுளம்பு வலை ஒரு துண்டு.
கதவுக்குப் பிணைச்சல், உட்கொண்டி, உடுப்புக் கொழுவ ஆணிகள்.
சுவரில் பிடித்துக்கொள்ள மூன்றடி இரும்புக் குழாய் 1.
மேசனுக்கும் கூட்டாளுக்கும் மூன்று நாட் கூலி.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் போதாதவர்கள் இந்த ஒழுங்கைப் பின்பற்றலாம். முதலில் கதவும் கொண்டியும், பின்னர் நிலமும் தண்ணீர் போகும் வழியும், அதன் பின் கூரையும் காற்றும், கடைசியாகச் சுவரும் நிறமும். எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் செய்தது வீணாகாது. ஆனால் சீமெந்தை அன்றன்றைய வேலைக்கு வேண்டிய அளவே வாங்குங்கள். ஈரக்காற்றில் இருந்து கட்டிபட்ட சீமெந்து பயன்படாது.

அந்த வீட்டில் மேசன் வேலை மூன்று நாட்களில் முடிந்தது. கொத்துவதும் மண் சுமப்பதும் மருமகன் செய்தார். இரண்டு கிழமை கழித்துச் சுண்ணாம்பைப் பூசியவர்கள் மகளும் பேரப்பிள்ளைகளும். வாசற்படியையும் புதிதாகப் பூசிவிடலாம் என்று மேசன் சொன்னபோது, "அதைத் தொடாதேங்கோ" என்றார் தாயார். 1984 என்ற இலக்கம் அப்படியே இருக்கிறது.

அடுத்த மாரியில் நாம் மீண்டும் அவ்வழியே சென்றோம். மழை விட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் குளியலறை நிலம் காய்ந்திருந்தது. தாயார் சுவரிலிருந்த இரும்புக் குழாயைப் பிடித்துக்காட்டி, "இப்ப ஒருத்தரையும் கூப்பிடாமல் நானே முழுகிறன், சுவாமி" என்றார்.

உங்கள் வீட்டுக் குளியலறை நிலத்தில் இன்று மாலை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.